குதிகாலில் ஒரு பொட்டு

குழந்தை இல்லாதவளின் உடம்பில் டாக்டர்கள் பார்க்காத இடம் எதுவும் மிச்சமிருக்காது என்று நினைத்திருந்தேன். ஒரு இடம் இருந்தது. இடது கால், குதிகாலும் பாதத்தின் குழிவும் சேருகிற இடம். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாக எத்தனையோ மேஜைகளில் படுத்து, இரண்டு காலையும் தாங்கியில் தூக்கி வைத்துக்கொண்டு, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக் கிடந்திருக்கிறேன். எதிரே நின்ற டாக்டர்களுக்கெல்லாம் என் உள்ளங்கால் மூக்குக்கு நேராக இருந்திருக்கும். ஒருவர்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் தேடி வந்த இடம் வேறு.

பார்த்தது ஒரு நர்ஸ். நாங்கள் போய்க்கொண்டிருந்த ஃபெர்டிலிட்டி சென்டரில் புதிதாகச் சேர்ந்த பெண். டாக்டர் வருவதற்குள் என்னைத் தயார் செய்துகொண்டிருந்தவள், போர்வையை இழுத்துவிட வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, கால்ல இது என்ன, கருப்பா?"

"தாரு."

ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்துத் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"போவாதும்மா. அது வருஷக்கணக்கா கீது," என்றேன்.

அதைக் கேட்டதும் துடைப்பதை நிறுத்தினாள். குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. நான் வந்த காரியம் என்ன, இவள் பார்க்கிற காரியம் என்ன.

நான் வந்த காரியம் இதுதான். எங்கள் இரண்டு பேருடைய கரு ஒன்று அந்த சென்டரில் உறைய வைக்கப்பட்டிருந்தது. மற்றவற்றை முன்னமே ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார்கள், ஒன்றும் தங்கவில்லை. மிச்சம் இருந்தது இது மட்டும்தான். அடுத்த மாதம் அதையும் வைத்துப் பார்ப்பதாக இருந்தோம். கர்ப்பப்பை தயாராக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அன்றைக்கு அந்த மேஜையில் படுத்திருந்தேன். வெளியே என் வீட்டுக்காரர் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் ரோட்டில் வரிசையில் நின்று நின்றே பொறுமை பழகிய மனுஷன். எனக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை.

டாக்டரம்மா வந்து காலைப் பார்த்தார். லைட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதை முதல்ல தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அது வரைக்கும் நம்ம விஷயம் நிக்கட்டும்," என்றார்.

"தாருக்கு எதுக்கு டாக்டர் தோல் டாக்டர்?" என்று கேட்டேன். அவர் அதற்குள் சீட்டு எழுத ஆரம்பித்திருந்தார்.

தார் என்று நான் சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும், தென்சென்னைக் கடற்கரையில் இருக்கும் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் காவி கட்டிக்கொண்டு வெறுங்காலில் நடந்து போவார்கள். நான் பிறந்தது ராயபுரம், வாழ்க்கைப்பட்டது காலடிப்பேட்டை. இரண்டு இடத்திலும் இந்த நடை உண்டு. குழந்தைக்காக வேண்டிக்கொண்டு நானும் நடக்க ஆரம்பித்தேன். வெயிலில் தார் இளகி உள்ளங்காலில் அப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், காலை மடியில் இழுத்து வைத்துத் தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்து எடுப்பார். எங்கள் ஊரில் இது ஒன்றும் புதிய வேலை இல்லை. கடற்கரைக்குப் போய் வந்தாலே கப்பல் எண்ணெய் கட்டிகட்டியாகக் காலில் ஒட்டும். வாசல் பக்கம் டீசல் நனைத்த துணி ஒன்று எப்போதும் கிடக்கும்.

முதல் வருஷம் நடந்து வந்தபோது எல்லாத் தாரும் போய்விட்டது. ஒரு பொட்டு மட்டும் போகவில்லை. துவரம்பருப்பு அளவு. அத்தை எண்ணெய் போட்டுப் பார்த்தார், டீசல் போட்டுப் பார்த்தார். கடைசியில் துணியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"வுடும்மா, தேய்க்காத. மாதா பொட்டு வச்சி அனுப்பிக்கீறா. உன் வேண்டுதல ஏத்துக்கினான்னு அர்த்தம்."

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். காசிமேட்டில் மீன் விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அத்தை. அழுகிய மீனைக் கூடையைத் திறக்காமலே சொல்லிவிடுவார். அவர் சொன்னால் நம்பத் தோன்றும். அதோடு எனக்கு அந்த நேரத்தில் நம்ப ஒன்று வேண்டியிருந்தது. யாராவது எனக்கு ஏதாவது ஒரு அடையாளம் காட்ட மாட்டார்களா என்று இருந்த காலம் அது.

அடுத்த வருஷம் பொட்டு பெரிதாகியிருந்தது. எங்களுக்கு சந்தோஷம். அதற்கு அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் என் காலைத் தன் மடியில் வைத்துக் கட்டைவிரலால் அளந்து பார்ப்பார். "வளர்து பாரு," என்பார். பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் அத்தையும் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார். வயிற்றில் வளராததற்குப் பதிலாகக் காலில் ஒன்று வளர்வதைப் பார்த்து, ஒரு வீடே பூரித்துக்கொண்டிருந்தது.

தோல் டாக்டர் அந்தப் பொட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மெலனோமா என்று வந்தது. தோலுக்கு நிறம் தருகிற செல்லில் வருகிற புற்றுநோய். அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வருவது இல்லையா என்று கேட்டேன், எங்கோ படித்த ஞாபகத்தில். நம் ஜனங்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வரும் என்றார் அவர். நடந்ததால் வந்ததா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது. நீங்க நடக்கலைன்னாலும் வந்திருக்கலாம்," என்றார். அந்தப் பதிலில் ஆறுதல் இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்த சர்ஜன் நிதானமான மனிதர். படம் போட்டுக் காட்டினார். பொட்டு தோலுக்குள் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கிறது. அதைச் சுற்றி நல்ல தோலும் சேர்த்து அகலமாக வெட்டி எடுக்க வேண்டும். அது ஒரு வேலை. இன்னொரு வேலை, நோய் காலை விட்டுக் கிளம்பிவிட்டதா என்று பார்ப்பது.

"கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டுமே, தெரியுமா?" என்று கேட்டார்.

அது தெரியாதவர்கள் உண்டா. காலில் ஆணி குத்தினால் மறுநாள் இடுக்கில் கோலிகுண்டு மாதிரி வீங்கும். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம்.

"அந்த நெறிதான். அங்க நிறைய இருக்கு. ஆனா கால்ல இந்த இடத்துல இருந்து கிளம்பற நிணநீர் முதல்ல போய்ச் சேர்றது ஒண்ணு ரெண்டுலதான். நோய் பரவினா அங்கதான் முதல்ல தங்கும். அந்த முதல் நெறியைக் கண்டுபிடிச்சு எடுத்துப் பார்த்துட்டா, எந்தக் கட்டத்துல இருக்கோம்னு தெரிஞ்சுடும்."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் தனக்குப் புரிந்த மாதிரி சொன்னார். "நம்ம கஸ்டம்ஸ் வேலைதான்மே. ஒரே பார்ட்டிக்கு நாலு பொட்டி வந்தா முதப் பொட்டிய தொறந்து பாப்பாங்க. அது க்ளீனா இருந்தா மத்தத தொட மாட்டாங்க." நானும் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிறவள்தான். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஆனால் உள்ளே நான் இன்னொரு கேள்வி கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதிலைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

"நெறி நல்லா இருந்தா, நான் குழந்தை பெத்துக்கலாமா டாக்டர்?"

சர்ஜன் பேனாவை மூடி வைத்தார். நெறி சுத்தமாக இருந்தால், காயம் ஆறி, கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, பெற்றுக்கொள்ளலாம் என்றார். நெறியில் இருந்தால் மருந்து போட வேண்டியிருக்கும். அந்த மருந்தோடு கர்ப்பம் கூடவே கூடாது. அதன் பிறகு எப்போது என்பதை இப்போது சொல்ல முடியாது. நான் நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள். என் இடுக்கில் எங்கேயோ, நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு நெறி, என் பிள்ளைக்கு வழி விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கப் போகிறது. உயிர் போய்விடுமோ என்ற பயம் எனக்கு வராமல் இல்லை. ஆனால் முதலில் வந்த பயம் அது இல்லை. இதை எழுத எனக்கு வெட்கமும் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்த முதல் நெறி எது என்று கண்டுபிடிக்க ஸ்கேன் எடுத்தார்கள். லேசான கதிர்வீச்சு உள்ள மருந்தைப் பொட்டைச் சுற்றி ஊசியால் போட்டு, அது எங்கே போகிறது என்று கேமராவில் பார்ப்பார்கள். அந்தப் பிரிவின் வாசலிலேயே, கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது என்று பெரிய எழுத்தில் போர்டு.

வாசல் மேஜையில் பேர் பதிகிறவர் கேட்டார்: "கர்ப்பமா இருக்கீங்களா?"

"இல்ல."

உள்ளே ஊசியை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் கேட்டாள். இல்லை என்றேன். மேஜையில் படுக்க வைத்த டெக்னீஷியன் பெண்ணும் கேட்டாள். "சந்தேகம் ஏதாவது இருக்கா, நாள் தள்ளிப் போயிருக்கா?" என்று நல்லபடியாகத்தான் கேட்டாள். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு தடவை, ஆமாம் என்று சொல்லி, எதிரில் இருப்பவர் பதறிப்போய் என்னை வெளியே அனுப்புவதைப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

உள்ளங்காலில் ஊசி போட்டால் எப்படி வலிக்கும் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். வலி தணிந்த பிறகு கேமராவுக்குக் கீழே அசையாமல் கிடந்தேன். டெக்னீஷியன் பெண் திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள், பொழுது போகட்டும் என்று.

கருப்புத் திரை. கீழே பாதம் இருக்கிற இடத்தில் ஒரு வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து மெல்லிய கோடு ஒன்று மேலே ஏறியது. முழங்காலைத் தாண்டி, தொடையில் ஊர்ந்து, இடுக்கில் போய் நின்றது. அங்கே ஒரு புள்ளி தோன்றியது. முதலில் மங்கலாக, அப்புறம் தெளிவாக.

"இதோ வந்துடுச்சு பாருங்கக்கா," என்றாள்.

பத்து வருஷமாக நான் இப்படி ஒரு திரையில் ஒரு புள்ளியைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். என் நாத்தனாருக்கு ஸ்கேன் எடுத்தபோது கூடப் போயிருக்கிறேன். கருப்புக்குள் ஒரு சின்னப் புள்ளியைக் காட்டி, இதுதான் என்றார்கள். அவள் அழுதாள், நான் அவளைவிட அதிகம் அழுதேன். அதே வார்த்தையை ஒருவர் எனக்கும் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து ஏங்கினேன். இப்போது சொல்லிவிட்டார்கள். கண்ணீர் காதுக்குள் ஓடியது. அசையக் கூடாது என்பதால் துடைக்கவும் முடியவில்லை. அந்தப் பெண் ஊசி வலி என்று நினைத்துக்கொண்டு, "ஆச்சுக்கா, ஆச்சு," என்றாள்.

தோலின் மேல் அந்த இடத்தை மார்க்கரால் குறித்து அனுப்பினார்கள். இன்றைக்குக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருங்கள் என்று சொன்னார்கள். வார்டுக்குப் போக லிஃப்ட் வந்து நின்றபோது உள்ளே ஒரு நிறைமாசக்காரி, யாரையோ பார்க்க வந்தவள், சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். நான் பின்னால் நகர்ந்தேன்.

"வாங்கக்கா, இடம் இருக்கு," என்று கதவைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போங்கம்மா. நான் அப்பால வரேன்."

கதவு மூடுகிற வரைக்கும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆபரேஷன். குதிகால் பக்கம் ஒரு பெரிய வட்டத்தை வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டினார்கள். நீலச் சாயமும் போட்டு, அது போய்ச் சேர்ந்த நெறியைப் பார்த்து எடுத்தார்கள். அந்தச் சாயம் சிறுநீரில் பச்சையாக இறங்கும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைப் பார்த்துவிட்டு வார்டே கேட்கிற மாதிரி கத்தினார்.

"இன்னாம்மா இது, பச்சையா கீது? பேஜாரு புடிச்சவனுங்க, உள்ள இன்னாத்த ஊத்தனானுங்க?"

மயக்கம் தெளியாத நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டில்காரி சாயம் என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் அடங்கினார். ஆனாலும் பையைக் காலி செய்ய வருகிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டேதான் இருந்தார்.

நெறியின் முடிவு உடனே வராது. அதை மெல்லிய சீவல்களாகச் சீவி, தனிச் சாயங்கள் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுமாம். அவசரப்பட்டால் சின்னது தப்பிவிடும் என்றார் சர்ஜன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இடது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் கிடந்தேன். தெருவில் ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகளின் சத்தம் கேட்கும். அதில் ஒரு குரலை என் பிள்ளையின் குரலாக வைத்துக்கொண்டு கேட்பது எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம். அந்த நாட்களில் அதை நிறுத்திவைத்தேன். நெறி என்ன சொல்கிறது என்று தெரிகிற வரைக்கும் வேண்டாம் என்று இருந்தேன்.

அத்தை ஒருநாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டுப் போடாத வலது காலை எடுத்து மடியில் வைத்து எண்ணெய் தடவ ஆரம்பித்தார். அதில் தாரும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அது இன்னான்னு எனக்குத் தெரியாதும்மா," என்றார். "நல்லதுன்னுதான் நெனச்சேன்."

"நானுந்தான் அத்தை நெனச்சேன்."

"நீ படிச்சவ."

"படிச்சவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

அவர் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி தடவினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லார் மேலும் கோபம் வருகிற எனக்கு அவர் மேல் மட்டும் வரவில்லை. அந்த வீட்டில் எனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று என் அளவுக்கு ஆசைப்பட்டது அவர் ஒருத்தர்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில்தான் கொடியேற்ற நடை. என்னால் முடியாது. என் வீட்டுக்காரர் காவி வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எனக்கு பதிலா நீ போறியா?"

"உனக்காக போறேன்."

"செருப்பு போட்டுக்கினு போ."

"மாதா கோச்சுக்கும்மே."

"கோச்சுக்கட்டும். அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீ செருப்பு போடு."

போட்டுக்கொண்டுதான் போனார். கூட நடந்தவர்கள் என்ன சொன்னார்களோ, திரும்பி வந்து அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிரசாதத்தை என் வாயில் போட்டுவிட்டுத் தன் உள்ளங்காலைத் தூக்கி எனக்குக் காட்டினார், பார்த்துக்கொள் என்கிற மாதிரி. ஒன்றும் இல்லை. அழுக்குகூட அதிகம் இல்லை.

முடிவு வந்தது. சர்ஜன் சுற்றி வளைக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"நெறியில இருக்கும்மா. ரொம்பச் சின்ன அளவு. சாயம் போட்டுப் பார்த்ததாலதான் தெரிஞ்சுது. ஆனா இருக்கு. அதனால இது மூணாவது கட்டம்."

மீதி நெறிகளை எல்லாம் வெட்டி எடுக்க வேண்டியதில்லை, அடிக்கடி ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் மருந்து போட வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற மருந்து, ஒரு வருஷம். நான் கேட்பதற்கு முன்னாலேயே என் கேள்விக்கும் வந்தார்.

"மருந்து ஓடற வரைக்கும் கர்ப்பம் கூடாது. முடிஞ்சும் சில மாசம் கூடாது. அப்புறமும் திரும்ப வரலைன்னு கொஞ்ச காலம் பார்க்கணும். ரெண்டு மூணு வருஷம் ஆகலாம். முடியாதுன்னு நான் சொல்லலை. எப்போன்னு என்னால சொல்ல முடியலை."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"வோணாம் சார். கொயந்தையே வோணாம். இவ இருந்தா போதும் சார்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை தங்காமல் போனபோதும், அவர் அடுத்த தபா பார்த்துக்கலாம் என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்து, நீ இருந்தா போதும் என்று சொல்ல மாட்டானா இந்த ஆள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது ஒரு ஆஸ்பத்திரி அறையில், வேறொரு மனிதர் எதிரில், குரல் உடையச் சொல்கிறார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது கோபம். எத்தனையோ வருஷம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை வந்து சேர்ந்தபோது, அது எனக்குப் போதவில்லை என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"எனக்குப் போதாது," என்றேன். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, சர்ஜனைப் பார்த்துச் சொன்னேன். "மருந்து எப்ப ஆரம்பிக்கலாம் டாக்டர்?"

"கால்ல ஒட்டின தோல் பிடிக்கட்டும். சில வாரம் போகட்டும்."

"அதுக்கு முன்னாடி முடியாதா?"

"என்ன அவசரம்மா?"

"சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரம் முடியும்ல."

அவர் மேஜைக் காலண்டரைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார்.

ஆட்டோவில் திரும்பினோம். காலை அவர் மடியில் வைத்துக்கொண்டேன், குலுங்காமல் இருக்க. வண்ணாரப்பேட்டை நெரிசலில் நின்று, தண்டையார்பேட்டை தாண்டியது வண்டி. நான் சொன்னது அவரைக் காயப்படுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சமாதானம் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு அதற்குச் சமாதானம் எப்படிச் சொல்வது. மெட்ரோ தூண் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

திருவொற்றியூர் எல்லைக்குள் நுழைந்த பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார்.

"உனக்கு பொண்ணு புடிக்குமா, பையன் புடிக்குமா?"

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. முன்கூட்டிப் பேசினால் தங்காது என்று பேசாமலே இருந்துவிட்டோம். ஊசி பற்றிப் பேசுவோம், தேதி பற்றிப் பேசுவோம், டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பப் பேசுவோம். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மனசில் அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றுகூட நான் நினைத்ததில்லை.

"பொண்ணு," என்றேன்.

"எனக்கும் பொண்ணுதான்." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "முடி சுருட்டையா இருக்கும், எங்க அம்மா மாதிரி."

"சுருட்டை முடிய யாரு சிக்கெடுத்து வாருறது? நீயா?"

"நான்தான் வாருவேன்."

"ஸ்கூலுக்கு லேட்டாவும்."

"ஆவட்டும். இட்டுக்கினு போறதும் நான்தானே."

ஆட்டோ வீட்டு வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.